உஷார்! திரையில் ஒன்றும் வரவில்லை என்றால் ஆய்வே இல்லை என்று எழுதிவிடாதீர்கள்

போன மாதத்தில் மட்டும் முனைவர் பட்ட ஆய்வுக்கான மூன்று சினாப்சிஸ் என் கைக்கு வந்தன. மூன்றும் கொல்லிமலையைப் பற்றியவை. மூன்றிலும் ஏறத்தாழ ஒரே வாக்கியம்: "இத்தலைப்பில் இதுவரை ஆய்வு எதுவும் மேற்கொள்ளப்படவில்லை." மூன்று இடத்திலும் அது தவறு.

எழுதிய பிள்ளைகள் பொய் சொல்லவில்லை. கம்ப்யூட்டரில் தேடினார்கள், ஒன்றும் வரவில்லை, நம்பி எழுதிவிட்டார்கள். அதனால்தான் எனக்குப் பதற்றம். பொய்யாக இருந்தால் கண்டித்துத் திருத்திவிடலாம். தெரியாமல் நம்பி எழுதியதை யார் திருத்துவது? கைடு படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார். நான்கு வருடம் ஓடுகிறது. வைவா அன்று வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அந்த வரியில் விரலை வைத்து, "இந்தக் கட்டுரையைப் பார்த்தீர்களா?" என்று ஒன்றே ஒன்றை எடுத்து நீட்டினால் போதும். நான்கு வருட உழைப்பு அந்த மேசையில் ஆட்டம் காணும்.

மூவரில் ஒருத்தி மலை மேலிருந்து நம் ஊர் சேந்தமங்கலத்துக்கு இறங்கி வந்து படித்தவள். வீட்டில் முதல் பட்டதாரி. சாமையும் தினையும் விளைந்த காடுகளில் மரவள்ளி எப்படி ஏறியது என்பது அவள் தலைப்பு. அருமையான தலைப்பு. "எப்படித் தேடினாய், காட்டு" என்றேன். தலைப்பு முழுவதையும், ஒரு சொல் விடாமல், ஆங்கிலத்தில் தேடல் பெட்டிக்குள் அடித்தாள். டேபியோகா, மில்லட், மலையாளி ட்ரைப்ஸ், கொல்லி ஹில்ஸ், நாமக்கல் டிஸ்ட்ரிக்ட் எல்லாம் ஒரே வரியில். முடிவு: பூஜ்யம்.

"பாருங்க சார், ஒண்ணுமே வரலைங்க. அப்ப யாருமே செய்யலைன்னுதானுங்களே அர்த்தம்?"

இல்லை கண்ணு. அந்தப் பெட்டி உன்னைப் புரிந்துகொள்கிற பெட்டி இல்லை. பெரும்பாலான டேட்டாபேஸ்களில் சொல்லுக்குச் சொல் இடம் விட்டு அடித்தால், "இத்தனை சொல்லும் ஒரே கட்டுரையில் இருந்தாக வேண்டும்" என்று நீ உத்தரவு போட்டதாகத்தான் அது எடுத்துக்கொள்ளும். ஒரு கட்டுரையில் டேபியோகாவுக்குப் பதில் கசாவா என்று இருந்தால் அது போச்சு. நாமக்கல் என்பதற்குப் பதில் சேலம் என்று இருந்தால் அதுவும் போச்சு. வந்த பூஜ்யம் உன் சொற்களுக்கு விழுந்தது. உலகத்தில் உள்ள ஆய்வுகளை அது எண்ணிச் சொல்லவில்லை.

இதற்கு நம் தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் தொண்ணூறு வருடத்துக்கு முன்பே வழி சொல்லியிருக்கிறார். சீர்காழியில் 1892இல் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன். 1933இல் வந்த அவருடைய கோலன் பகுப்பு முறையின் அடிப்படையே, எந்தப் பொருளையும் முகம் முகமாகப் பிரித்துவிடலாம் என்பதுதான். எதைப் பற்றியது, எந்தப் பொருளால் ஆனது, என்ன நடக்கிறது, எங்கே, எப்போது என்ற ஐந்து முகங்களாக அதைப் பின்னாளில் வகுத்தார். புத்தகத்தை அலமாரியில் வைக்க அவர் சொன்ன வழி, இன்று டேட்டாபேஸில் தேடுகிறவனுக்கு அப்படியே உதவும். தலைப்பை உடையுங்கள். பயிர் ஒரு பக்கம், மக்கள் ஒரு பக்கம், இடம் ஒரு பக்கம், காலம் ஒரு பக்கம். ஒவ்வொன்றுக்கும் உலகத்தில் எத்தனை பெயர் உண்டோ அத்தனையையும் காகிதத்தில் எழுதுங்கள். பெயர்களுக்கு நடுவே 'ஆர்' போடுங்கள், வலை விரியும். பக்கங்களுக்கு நடுவே 'ஆண்ட்' போடுங்கள், சல்லடை சலிக்கும். ஒரு பக்கத்துப் பெயர்களை எல்லாம் அடைப்புக்குறிக்குள் கட்டிவைக்க மறக்காதீர்கள். அடைப்புக்குறி இல்லாமல் சாமை ஆர் தினை ஆண்ட் கொல்லிமலை என்று போட்டால், பல தளங்களில் கொல்லிமலைத் தினையோடு சேர்த்து உலகத்துச் சாமை முழுவதும் வந்து கொட்டும்.

சொல்வதற்குச் சுலபம். பெயர்களில்தான் கண்ணிவெடி இருக்கிறது. நம் மலையைப் போலக் கண்ணிவெடி நிறைந்த இடம் வேறு எனக்குத் தெரியாது.

முதலில் 'கொல்லி' என்ற சொல்லையே பாருங்கள். தமிழில் தேடுகிறீர்கள், சொல்லின் நடுப்பகுதியையும் பொருத்திப் பார்க்கிற தளம் என்றால் பூச்சிக்கொல்லி வரும், களைக்கொல்லி வரும், உயிர்க்கொல்லி நோய் வரும். தேவாரப் பண்களில் ஒன்றுக்குப் பெயர் கொல்லி. இசை ஆய்வு வரும். சங்க இலக்கியத்துக் கொல்லிப்பாவை வரும். நம் மலை அந்தக் கூட்டத்தில் எங்கோ ஒரு மூலையில் நிற்கும். சேர்த்து எழுதினால் கொல்லிமலை, பிரித்து எழுதினால் கொல்லி மலை. இரண்டும் கம்ப்யூட்டருக்கு வேறு வேறு. ஆங்கிலத்தில் கொல்லி ஹில்ஸ், இரண்டையும் ஒட்டிக் கொல்லிஹில்ஸ், கொல்லிமலை, கொல்லி மலை, வெள்ளைக்காரர் பன்மையாக்கி எழுதிய கொல்லிமலைஸ். ஐந்தையும் 'ஆர்' போட்டுக் கோக்காமல் தேடினேன் என்று சொல்லாதீர்கள்.

ஊர் இன்னும் மோசம். சேந்தமங்கலத்தை ஆங்கிலத்தில் எழுதும்போது 'ந்த'வுக்கு டெல்லிக்குப் போடும் டி மட்டும் போடுகிறவர் உண்டு, அதோடு ஹெச் சேர்ப்பவர் உண்டு, டைகருக்குப் போடும் டியும் ஹெச்சும் போடுகிறவர் உண்டு. பழைய காகிதங்களுக்குப் போனால் முதல் எழுத்தைக்கூட நம்ப முடியாது. சீர்காழிக்காரரான ரங்கநாதனின் பெயரிலேயே ஊர் 'ஷியாளி' என்றுதான் இருக்கிறது. 2020 ஜூனில் தமிழ்நாட்டு அரசு 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துகளைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி அறிவித்துவிட்டுச் சில நாளிலேயே திரும்பப் பெற்றதே, நினைவிருக்கிறதா? எழுத்துக் குழப்பம் அரசுக்கே தலைவலி என்றால் ஆய்வு மாணவர் என்ன செய்வார்!

அதோடு முடியவில்லை. சேந்தமங்கலம் என்று தேடினால் முதலில் வந்து நிற்பவர் கோப்பெருஞ்சிங்கன். காடவ அரசன், மூன்றாம் இராசராச சோழனைச் சிறை வைத்தவன். அந்தச் சேந்தமங்கலம் உளுந்தூர்பேட்டைப் பக்கம் இருப்பது. பழைய தென்னார்க்காட்டு ஊர். கல்வெட்டு ஆய்வாளர்களுக்குச் சேந்தமங்கலம் என்றால் அதுதான். நம் ஊர் வரலாறு என்று நினைத்து அந்தச் சான்றை இங்கே ஒட்டிய கட்டுரையை நான் பார்த்திருக்கிறேன். ஊர்ப் பெயரோடு கொல்லிமலை, நாமக்கல், சேலம் ஆகியவற்றில் ஒன்றையாவது 'ஆண்ட்' போட்டுச் சேர்த்தால் இந்த விபத்து நடக்காது.

ஏன் சேலம்? நாமக்கல் தனி மாவட்டமாக இயங்கத் தொடங்கியது 1997 ஜனவரி 1 முதல்தான். அதற்கு முன் எழுதப்பட்டது எல்லாம் சேலம் மாவட்டம் என்ற பெயரில் கிடக்கிறது. 1883இல் லெ ஃபானு எழுதிய சேலம் மாவட்டக் கையேட்டில் நம் மலையைத் தேட வேண்டும். அங்கே போய் நாமக்கல் மாவட்டம் என்று தட்டினால் என்ன கிடைக்கும்? பழைய சேலமே நிலையாக இல்லை. போன நூற்றாண்டின் தொடக்கத்தில் சுமார் இருபது வருடம் நாமக்கல் வட்டம் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தோடு இருந்தது. பழங்குடிப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். மலையாளி என்ற பெயருக்கு எதிரே தர்மபுரி, வடஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளி என்றுதான் மாவட்டப் பெயர்கள். நாமக்கல் என்ற சொல் அங்கே கிடையாது. மலை மக்களுக்குச் சாதிச் சான்றிதழ் கொடுக்க ஆதாரமான அந்த வரியைக்கூட, இன்றைய மாவட்டப் பெயரை மட்டும் தட்டுகிறவர் கண்டுபிடிக்க முடியாது.

மலையாளி என்று சொன்னேன் அல்லவா, இப்போது மிக ஆபத்தான இடத்துக்கு வந்துவிட்டோம். மலையில் வாழ்கிறவர் என்ற பொருளில் நம் மக்களுக்கு அந்தப் பெயர். கொல்லிமலை, பச்சைமலை, சேர்வராயன், கல்வராயன், ஜவ்வாது, சித்தேரி எங்கும் இருப்பவர்கள். ஆனால் டேட்டாபேஸில் மலையாளி என்றால் கேரளம். ஆயிரக்கணக்கில் வந்து விழும்: வளைகுடாவில் மலையாளிகள், மலையாளி நர்ஸ்கள், மலையாள சினிமா. மாணவர் மிரண்டு, யாரோ சொல்லிக் கொடுத்த உத்தியைக் கையில் எடுப்பார்: 'நாட்' கேரளா. அதாவது கேரளா என்ற சொல் இருக்கும் எதையும் காட்டாதே.

உஷார்! 'நாட்' என்பது அரிவாள். களையையும் வெட்டும், பயிரையும் வெட்டும். "இவர்கள் கேரள மலையாளிகள் அல்லர்" என்று முதல் பத்தியிலேயே விளக்கம் சொல்லித்தான் நம் மலை மக்களைப் பற்றிய நல்ல கட்டுரை பலவும் தொடங்கும். கேரளா என்ற சொல் அங்கே வந்துவிட்டதல்லவா, போச்சு. மிக முக்கியமான கட்டுரைகளைத்தான் அந்த உத்தி முதலில் வெட்டும். கேரளாவை விலக்க வேண்டாம், மலையைச் சேருங்கள். மலையாளி என்ற பெயரோடு கிழக்குத் தொடர்ச்சி மலை, கொல்லி, கல்வராயன், பழங்குடி என்பவற்றில் ஒன்றையாவது 'ஆண்ட்' போட்டுச் சேருங்கள். இந்தப் பெயருக்கும் எழுத்து பல: ஒற்றை 'ஐ'யில் முடிவது, இரட்டை 'இ'யில் முடிவது, தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் நூலில் உள்ளது போல 'மலையாளி' என்பதில் நடுவே 'ஐ' சேர்த்து எழுதுவது. அந்தக் கடைசி எழுத்துமுறைக்கு ஒரு நன்மை உண்டு. அப்படித் தேடினால் கேரளம் அதிகம் குறுக்கே வராது.

பயிருக்கு வருவோம். மரவள்ளி நம் பக்கம் குச்சிக்கிழங்கு. நாகர்கோவில் பக்கம் போனால் மரச்சீனி. ஏழிலைக்கிழங்கு என்பாரும் உண்டு. ஆங்கிலத்தில் இந்தியர்கள் டேபியோகா என்று எழுத, வெளிநாட்டார் கசாவா என்றும் மேனியாக் என்றும் எழுதுவார்கள். தாவரவியலில் மனிஹாட் எஸ்குலென்டா. சேகோ மில்லுக்குப் போகிற கிழங்கைப் பற்றிய கட்டுரையில் இந்தப் பெயர் எதுவும் தலைப்பில் இல்லாமல் ஸ்டார்ச், சேகோ என்று மட்டும் இருக்கலாம். சாமைக்கு லிட்டில் மில்லட், ஸ்மால் மில்லட், மைனர் மில்லட், சமை, சாமை. அறிவியல் பெயர் பேனிகம் சுமட்ரென்சி. பழைய இந்தியக் கட்டுரைகளில் அதே சாமை பேனிகம் மிலியேர் என்ற பெயரில் இருக்கிறது. புதுப் பெயரை மட்டும் போட்டால் பழைய வேளாண் ஆய்வு கண்ணில் படாமலே போய்விடும்.

மலைக்குப் போகிறவர் எல்லாம் வாங்கிக் குடிக்கிற முடவாட்டுக்கால் சூப்பை எடுத்துக்கொள்ளுங்கள். முட்டிவலிக்கு நல்லது என்று பையில் கட்டிக்கொண்டும் இறங்குகிறார்கள். இதைப் பற்றி ஆராய்ச்சி உண்டா என்று ஒரு தம்பி கேட்டார். தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் அடித்தோம். சொல்லும்படி ஒன்றும் இல்லை. ஓக் லீஃப் ஃபெர்ன் என்றோம், கொஞ்சம் வந்தது. டிரைனேரியா குவெர்சிஃபோலியா என்று அடித்ததும் திரை நிரம்பியது. அதோடு நிற்கவில்லை. தாவரவியலார் சிலர் அந்தச் செடியை அக்லயோமார்ஃபா என்ற பேரினத்தில் வைக்கிறார்கள், ஆகவே அந்தப் பெயரிலும் தேட வேண்டும். ஒரே கிழங்கு, நான்கு வாசல். மூன்று வாசலைத் தட்டாமல் வீட்டில் ஆளில்லை என்று திரும்பியிருப்போம்.

இது ஏதோ மாணவர்களின் தலைவலி என்று நினைக்கிறவர்களுக்கு இரண்டு சம்பவம் சொல்கிறேன்.

1995 மார்ச்சில் அமெரிக்காவில் மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு ஒரு காப்புரிமை கொடுத்தார்கள். மஞ்சள் பொடியால் புண் ஆறும் என்பது கண்டுபிடிப்பாம். நம் பாட்டிமாருக்கு எல்லாம் தெரிந்த சங்கதி. காப்புரிமை கொடுப்பதற்கு முன் தேடத்தான் தேடுகிறார்கள். அவர்கள் தேடலில் நம் வீட்டு மஞ்சள் அகப்படவில்லை. இந்திய அரசின் அறிவியல் ஆராய்ச்சி மன்றமான சி.எஸ்.ஐ.ஆர். எதிர்த்து மறுஆய்வு கோரி, 32 சான்றுகளைக் கொண்டுபோய்க் கொடுத்தது. அவற்றில் ஒன்று 1953இல் இந்திய மருத்துவச் சங்க இதழில், ஆங்கிலத்திலேயே, அச்சான கட்டுரை. 1997இல் காப்புரிமை ரத்தானது. அதற்குப் பிறகுதான் சித்த மருத்துவம் உள்பட நம் மரபறிவை வெளிநாட்டுக் காப்புரிமை அலுவலர்கள் தேடிப் பார்க்கும்படி ஐந்து வெளிமொழிகளில் ஒரு மின்நூலகமே உருவானது.

இரண்டாவது சம்பவத்தை எழுதவே மனம் கனக்கிறது. 2001 ஜூனில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆஸ்துமா ஆய்வு ஒன்றுக்கு, நல்ல ஆரோக்கியத்தோடு தன்னார்வலராக வந்த 24 வயதுப் பெண் இறந்துபோனார். ஹெக்சாமெத்தோனியம் என்ற மருந்தை மூச்சு வழியாகக் கொடுத்திருந்தார்கள். நுரையீரல் கெட்டது. அந்த மருந்து நுரையீரலைப் பாதிக்கும் என்று 1950களிலேயே கட்டுரைகள் வந்திருந்தன. ஆய்வாளர் முன்கூட்டித் தேடிய மருத்துவ டேட்டாபேஸான பப்மெட் அப்போது 1966 வரைதான் பின்னோக்கிப் போகும். அதற்கு முந்தைய எச்சரிக்கை திரையில் வரவில்லை. திரையில் வராததால் ஒரு உயிர் போனது.

ஆகவே எந்த டேட்டாபேஸுக்குள் நுழைந்தாலும் முதலில் கேளுங்கள்: இது எந்த வருடத்திலிருந்து? எந்த மொழிகள்? முழுக் கட்டுரையையும் தேடுகிறதா, தலைப்பையும் சுருக்கத்தையும் மட்டுமா? கொல்லிமலையைத் தலைப்பில் சொல்லாமல் பன்னிரண்டாம் பக்கத்தில் அட்டவணையில் வைத்திருக்கும் கட்டுரைகள் எத்தனையோ.

தமிழில் தேடுகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. சொல்லை வெட்டி உடுக்குறி (*) போட்டால் விகுதி எல்லாம் சேர்ந்து வரும் என்று சொல்லிக் கொடுப்பார்கள். ஆங்கிலத்துக்குச் சரி. தமிழில் மரம் என்பது மரத்தில், மரங்கள் என்று உருமாறுவதால் 'மர' என்று வெட்டினால் மரபு வரும், மரணம் வரும், நம் மரவள்ளியும் வரும். நிலம் என்பதை 'நில' என்று வெட்டினால் நிலவும் நிலையும். மரத்து, மரங்கள் என்று தனித்தனியாகக் கொடுத்து 'ஆர்' போடுவதுதான் பத்திரம். கூகுள் ஸ்காலருக்கு இந்த உடுக்குறியே பயன்படாது. பப்மெட்டில் அதைப் போட்டால், உங்கள் சொல்லுக்கு இணையான சொற்களைத் தானாகச் சேர்த்துத் தரும் வசதி நின்றுவிடும். இன்னொன்று: இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் மின்களஞ்சியமான சோத்கங்காவில் ஏறியிருக்கும் தமிழ் ஆய்வேடுகளில் ஸ்கேன் செய்த படங்களும் உண்டு, பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தவையும் உண்டு. கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். கம்ப்யூட்டருக்கு முன்னது வெறும் படம், பின்னது வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். யூனிகோடில் எத்தனை முறை தட்டினாலும் உள்ளே இருப்பது வராது. அங்கே துறை வாரியாக, பல்கலைக்கழகம் வாரியாக உள்ளே போய்த் தலைப்புகளைக் கண்ணால் பார்த்துத்தான் ஆக வேண்டும். நேரம் பிடிக்கும். பிடிக்கட்டும்.

இதை இவ்வளவு பதறிச் சொல்ல எனக்குக் காரணம் உண்டு. பல வருடத்துக்கு முன், நூலக மேசையில் நான் உட்கார்ந்திருந்த காலத்தில், ஒரு பெண் மலைக்கோயில்களை ஒட்டிய காடுகளைப் பற்றிக் கேட்டு வந்தார். கோயில் காடு என்று தேடினேன். ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டேன். சேக்ரட் க்ரோவ் என்ற பெயரில் அடுக்கடுக்காக இருந்தது பிறகுதான் தெரிந்தது. அவர் அதற்குள் வேறு தலைப்புக்கு மாறியிருந்தார். மேசைக்கு இந்தப் பக்கம் இருந்தவன் சொன்ன "இல்லை" அது. இன்றைக்கும் உறுத்துகிறது.

இப்போது புதிதாக ஒரு ஆபத்து வந்திருக்கிறது. தேடுவதற்குச் சலித்துக்கொண்டு, ஏஐ சாட்பாட்டிடம் "கொல்லிமலைச் சாமை பற்றிப் பத்து ஆய்வுக்கட்டுரை கொடு" என்று கேட்கிறார்கள். பத்தும் கொடுக்கும். ஆசிரியர் பெயர், இதழ், வருடம், பக்க எண் எல்லாம் அச்சு அசலாக இருக்கும். கட்டுரை இருக்காது. 2023இல் நியூயார்க்கில் இரண்டு வக்கீல்கள் இப்படி வந்த இல்லாத தீர்ப்புகளை நீதிமன்றத்தில் தாக்கல் செய்து 5,000 டாலர் அபராதம் கட்ட நேர்ந்தது. இருப்பதை இல்லை என்று எழுதுவது ஒரு குற்றம் என்றால், இல்லாததை இருப்பதாக எழுதுவது அதைவிடப் பெரிய குற்றம். பெயர்ப் பட்டியல் தயாரிக்க அதனிடம் யோசனை கேளுங்கள், தப்பில்லை. கட்டுரையை நீங்களே திறந்து பார்க்காமல் ஒரு வரிகூட மேற்கோள் பட்டியலில் ஏற்றாதீர்கள்.

2025 ஜனவரி முதல் 'ஒரே நாடு ஒரே சந்தா' வந்துவிட்டது. 30 பதிப்பகங்களின் 13,000 அளவிலான இதழ்கள் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிடப்படுகின்றன. முன்பு ஒரு கட்டுரைக்காகச் சென்னைக்கோ கோவைக்கோ பஸ் ஏறினோம். இன்று அரசுக் கல்லூரிப் பிள்ளை உட்கார்ந்த இடத்தில் திறக்கலாம். இந்த நேரத்தில் போய் ஒரே வரியைத் தட்டிவிட்டு "இல்லை" என்று எழுதினால், அந்த வாசல் திறந்திருந்தும் நமக்குப் பயனில்லை. தனியார் கல்லூரி மாணவர்கள் தங்கள் நூலகரிடம் என்னென்ன சந்தா இருக்கிறது என்று இன்றைக்கே கேட்டுவிடுங்கள்.

சினாப்சிஸ் கொடுக்கத் தேதி நெருங்கிவிட்டது என்பது எனக்குத் தெரியும். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் இன்று அடித்துவிடுங்கள். அதற்குப் பதில், எந்தத் தளத்தில், எந்தத் தேதியில், எந்தச் சொற்களை எப்படிக் கோத்துத் தேடினீர்கள், எத்தனை வந்தன என்று எழுதுங்கள். "இந்தத் தேடலில் அகப்பட்டவை இவை" என்று எழுதியவரை எந்தத் தேர்வாளரும் மடக்க முடியாது.

மரவள்ளியைத் தேடிய அந்தப் பிள்ளை போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி வந்தாள். கையில் நாற்பது பக்க நோட்டு. நான்கு பக்கமாகப் பிரித்துப் பெயர் பெயராக எழுதியிருந்தாள். பயிர்ப் பக்கத்தில் நான் சொல்லாத சொற்களும் இருந்தன: பெருஞ்சாமை, சடஞ்சாமை, கட்டவெட்டிச்சாமை, திரிகுலச்சாமை, மல்லியச்சாமை. "அம்மாயிகிட்ட கேட்டு எழுதுனங்க" என்றாள். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் கொல்லிமலையில் பல வருடம் வேலை செய்து எழுதிய கட்டுரைகளில் இதே ரகப் பெயர்கள்தான் ஆங்கில எழுத்தில் கிடக்கின்றன. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் மூன்று நான்கு விதமாக ஆங்கில எழுத்துக் கூட்டி வைத்திருந்தாள். கட்டவெட்டிச்சாமையை முதலில் அடித்தோம். நான்கு கட்டுரை வந்தது.